பழுப்புப் போத்தல்

றமீஸ் குசினிக்குள் விஞ்ஞானம் செய்யத் தொடங்கிய முதல் நாளே பூனை வீட்டை விட்டுப் போய்விட்டது.

நசீறாவால் அப்படிப் போக முடியுமா? கட்டின புருசன். உயர்தரத்தில் இரசாயனவியலை இரண்டு தரம் எழுதி இரண்டு தரமும் கோட்டை விட்டவன், இப்போது அவளுடைய அறுந்த வெள்ளிக் கொலுசை, நகைவேலை செய்கிறவரிடம் வாங்கிய அமிலத்துக்குள் போட்டுக் கரைத்துக்கொண்டிருந்தான். சிவப்பாகப் புகை வந்தது. அடுப்பில் வைத்த பால்ச்சட்டியின் அடி போனது. கேட்டால், "சும்மா ஒரு பரிசோதனை" என்றான்.

நாலைந்து நாள் கழித்து, தண்ணீர்போலத் தெளிந்த ஏதோ ஒன்றைப் பழுப்பு நிறப் போத்தலில் ஊற்றி அலுமாரிக்குப் பின்னால் ஒளித்து வைத்தான்.

அதற்கடுத்த காலை கிணற்றடியில் குந்தியிருந்து ஒரு கோழிக்காலைத் தேய்த்துக்கொண்டிருந்தான். முதல்நாள் முழுக்க வெயிலில் கிடந்த கால். அதன் ஒரு விரல் மை பட்டதுபோலக் கறுத்திருந்தது. சவர்க்காரம் போட்டான், தேசிக்காய் பிழிந்தான், தும்பால் உரஞ்சினான். கறுப்பு அசையவில்லை. ஆனாலும் மனிசன் முகத்தில் அப்படியொரு சிரிப்பு.

நசீறாவுக்குப் பளிச்சென்று விளங்கிவிட்டது. வருகிற செவ்வாய் பிரதேச சபைத் தேர்தல். வோட்டுப் போட்டவரின் இடதுகைச் சின்ன விரலில் மை பூசுவார்கள். அந்த மையை அழிக்க மருந்து செய்கிறான், இரண்டாம் தரமும் போய் வோட்டுப் போட.

வேறு யாருக்காக? இந்த முறையும் போட்டியிடுகிற அவளுடைய நானா, மூத்த சகோதரன் சனூனுக்காகத்தான். போனமுறை இதே சிலாவத்துறையில் ஒரேயொரு வோட்டால் தோற்றவர் சனூன். அந்த ஒரு வோட்டைத் தேடியே தலை நரைத்தவர். இடம்பெயர்ந்த காலத்தில் புத்தளத்தில் பதிந்த வோட்டுகளை ஊருக்கு மாற்றவேண்டும், கிராம அலுவலரான விதானையாரிடம் கொடுங்கள் என்று சொந்தக்காரர் ஒவ்வொருவரின் கையிலும் படிவத்தைத் திணித்தார். "விதானையாரிட்டக் குடுத்திட்டன், மச்சான்" என்று போன வருடம் றமீஸ் சொன்னபோது அவனைக் கட்டிப்பிடித்து அழுதார்.

நசீறாவுக்குப் பயம்தான். கள்ள வோட்டுப் போட்டால் மறியல், கம்பி எண்ணவேண்டும் என்று ஆட்டோவில் ஒலிபெருக்கி கட்டிச் சொல்லிப் போயிருந்தார்கள். ஆனால் நெஞ்சு நிறைந்தும் போனது. மச்சானுக்காக மறியலுக்குப் போகத் துணிந்த புருசன் எத்தனை பேருக்குக் கிடைக்கும்? பகல் சாப்பாட்டுக்குப் பெரிய பாரைமீன் தலையை அவன் சோற்றுக்கோப்பையில் வைத்தாள்.

"என்ன விசேசம்?"

"தின்னுங்கோ. எனக்கு எல்லாம் தெரியும்."

றமீஸின் கையிலிருந்த சோறு விழுந்தது. "எல்லாமோ?"

"ஓம். நான் ஒருத்தரிட்டயும் சொல்லமாட்டன்."

"மச்சானிட்டயும்?"

"அவருக்கு ஏன் இப்ப? எல்லாம் முடியட்டும்."

அதற்குப் பிறகு அவன் கோப்பையை விட்டுத் தலை நிமிரவில்லை.

தேர்தலன்று சனூன் வீட்டில் புரியாணி. வாசலில் ஒரு சட்டம் இருந்தது: சின்ன விரலைக் காட்டினால்தான், எல்லாரும் ஒன்றாகக் கைபோட்டுச் சாப்பிடும் சஹன் தட்டைச் சுற்றி உட்காரலாம். சனூனே கதிரை போட்டிருந்து ஒவ்வொரு விரலாகப் பார்த்தார். வோட்டுப் போட என்று விடியவே தனியாகப் போய் வந்திருந்த றமீஸின் விரல்தான் எல்லாவற்றிலும் நல்ல கறுப்பு. "இதல்லோ வோட்டு" என்று சனூன் அதைப் பிடித்து மற்றவர்களுக்குக் காட்டினார்.

வீட்டுக்கு வந்ததும் மருந்தைப் பூசிக்கொண்டு புறப்படுவான் என்று பார்த்தால், பாயை விரித்துக் குறட்டை விட்டான். மூன்று மணி. நாலு மணிக்கு வாக்களிப்பு முடிந்துவிடும். கடும் இழுபறி என்று நானாவின் ஆட்கள் சொல்லிப் போனார்கள். நசீறா அவனை உலுப்பினாள்.

"இண்டைக்கு இனி என்னால ஒண்டும் ஏலாது" என்று மற்றப் பக்கம் திரும்பிப் படுத்தான்.

அவளுக்கு ரோசம் வந்துவிட்டது. போத்தல் இருக்கிறது. கட்டாருக்கு வேலைக்குப் போன தங்கச்சி ஜெஸ்லியாவின் அடையாள அட்டையும் அலுமாரிக்குள் இருக்கிறது. இரண்டு பேருக்கும் ஏறக்குறைய ஒரே முகம். பாவமன்னிப்பை அஸர் தொழுகைக்குப் பிறகு கேட்டுக்கொள்ளலாம்.

மருந்தை ஊற்றி இரண்டு கைகளாலும் நன்றாகத் தேய்த்தாள். காலையில் வோட்டுப் போட்டபோது பூசின மை அப்படியே இருந்தது. மெதுவாகத்தான் வேலை செய்யுமாக்கும் என்று நினைத்துக்கொண்டு, கொளுத்துகிற வெயிலில் வோட்டுப் போடுகிற பள்ளிக்கூடத்துக்கு நடந்துபோய் வரிசையில் நின்றாள்.

முன்னால் நின்ற பெண் திரும்பிப் பார்த்தாள். "என்ன ராத்தா, கத்தரிக்காய் சுட்டுப்போட்டு அப்பிடியே வாறீங்களோ?"

நசீறா குனிந்து பார்த்தாள். பத்து விரலும் கறுத்திருந்தன. அவள் பார்த்துக்கொண்டிருக்கவே கறுப்பு மணிக்கட்டுக்கு ஏறியது. கைகளை முந்தானைக்குள் ஒளித்துக்கொண்டு வீட்டுக்கு ஓடினாள்.

மஃரிபு தொழுகைக்குப் பிறகு முடிவு வந்தது. சனூன் தோற்றுவிட்டார், இந்த முறையும் ஒரேயொரு வோட்டால்.

நசீறா றமீஸின் முன்னால் வந்து இரண்டு கைகளையும் விரித்துக் காட்டினாள். தேய்த்துத் தேய்த்துத் தோல் உரிந்திருந்தது, கறுப்பு போகவில்லை. "ஒரு வோட்டு. மையை அழிக்கிற மருந்தெண்டு நம்பிப் போனன். இது என்ன மருந்து செய்து வச்சிருக்கிறீங்கள்?" என்று அழுதாள்.

"அழிக்கிற மருந்தோ? அதுதான் மை" என்றான் றமீஸ். "எல்லாம் தெரியுமெண்டு நீதானே சொன்னனீ?"

"வோட்டுப் போட்ட ஆளுக்கு ஏன் வீட்டில மை?"

றமீஸ் எழும்பிப் போய் அலுமாரியைத் திறந்து, தன் கலியாணக் கோட்டின் உள்பையிலிருந்து, போன வருடம் விதானையாரிடம் கொடுத்துவிட்டதாகச் சொன்ன, வோட்டை ஊருக்கு மாற்றும் படிவத்தை மடிப்புக் கலையாமல் எடுத்து அவளிடம் நீட்டினான்.