நாற்பத்தொன்றாம் எண்

“வந்துட்டான்டா!” என்று கத்திக்கொண்டே டிரைவர் பிரேக் போட்டார். எஞ்சின் அறைத் திரையில் சிவப்புப் புள்ளி ஒன்று மினுக்கியது. ‘எண் நாற்பத்தொன்று. தண்டவாளத்தில் ஆள். வேகம் குறைக்கவும்.’

ரயில் ஊர்ந்துபோய் வளைவைத் திரும்பியது. தண்டவாளத்தில் ஒரு காக்கைகூட இல்லை. புள்ளியும் அணைந்துவிட்டது.

உதவி டிரைவர் தடிக் கண்ணாடிக்காரன், எல்லோருக்கும் சோடாபுட்டி. “மெஷின் கோளாறுண்ணே. இதுக்குப் போய் உங்களுக்கு ஏன் இப்படி வேர்க்குது?” என்றான்.

“கோளாறு வேற நம்பர்ல வரக்கூடாதா? செத்தவன் நம்பர்லதான் வரணுமா?”



தண்டவாள வேலையாட்கள் எல்லோருக்கும் தீப்பெட்டி அளவில் ஒரு கருவி கொடுத்திருந்தார்கள். ரயில் நெருங்கினால் அது இடுப்பில் அதிரும். ஆள் தண்டவாளத்தில் நின்றால் அவர் எண் டிரைவரின் திரையில் வரும். நாற்பத்தொன்றாம் எண்காரர் போன வருஷம் ஒரு நாள் அதை வீட்டிலேயே விட்டுவிட்டு வேலைக்கு வந்துவிட்டார். திரையில் ஒன்றும் வரவில்லை. டிரைவரும் முழு வேகத்தில் அந்த வளைவைத் திரும்பினார்.

விசாரணையில் டிரைவர்மேல் குற்றமில்லை என்று சொல்லிவிட்டார்கள். மனசு கேட்க வேண்டுமே! கடைசி நொடியில் திரும்பிப் பார்த்த அந்த முகம் அவரைத் தூங்கவிடவில்லை. இப்போது சில மாதங்களாக, காலையில் போகும்போதும் சாயங்காலம் திரும்பும்போதும், அதே இடத்தில் இந்த எண் வேறு.

“அன்னிக்குச் சொல்லாம நின்னான். இப்ப தினம் தினம் சொல்லிச் சொல்லியே கொல்றான்.”

“தினமும் இல்லண்ணே, ஞாயித்துக்கிழமை வர்றதில்ல. பேய்க்கும் வார லீவு உண்டு போல.”

டிரைவருக்குச் சிரிப்பு வரவில்லை.

மறுநாள் மாலை வண்டிக்கு வேறு ஆளைப் போடச் சொல்லிவிட்டு, செத்தவரின் வீட்டைத் தேடிப் போனார். தண்டவாளத்தை ஒட்டிய ஒற்றை அறை வீடு. துணி மடித்துக்கொண்டிருந்த அவர் மனைவி நிமிர்ந்து பார்த்தாள். விசாரணையில் பார்த்த முகம். அவளுக்கு உடனே அடையாளம் தெரிந்துவிட்டது. இருந்தும் எழுந்து, “உள்ள வாங்கண்ணே” என்றாள்.

உட்கார்ந்தவருக்கு எங்கே பார்ப்பதென்று தெரியவில்லை. எதிர்ச் சுவரில் ஓர் ஆணி காலியாக இருந்தது.

“அந்த மெஷினை அதுலதான் மாட்டி வச்சிருந்தாரு. அன்னிக்குன்னு பார்த்து எடுக்க மறந்துட்டாரு” என்றாள் அவள், தண்ணீர்ச் செம்பை எடுத்துக்கொண்டே.

டிரைவர் கைகூப்பினார். “என்னை மன்னிச்சிடும்மா. உன் வீட்டுக்காரர் என்னை விடமாட்டேங்கறார். தினமும் அந்த வளைவுல வந்து நிக்கறார்.”

அவள் பதறவில்லை. “நின்னா, வேகத்தைக் குறைக்கறீங்களாண்ணே?” என்று மட்டும் கேட்டாள்.

“குறைக்காம? உசுரே போயிடுது எனக்கு. மனுஷன் நடக்கற மாதிரிதான் வண்டி போகுது.”

“மத்த டிரைவருங்களும் குறைப்பாங்களா?”

“திரையில நம்பர் வந்தா யாரா இருந்தாலும் குறைச்சுத்தான் ஆகணும்.”

அவள் முகம் லேசாகத் தெளிந்தது. இவளுக்குப் புத்தி பேதலித்துவிட்டதோ என்று டிரைவருக்குப் பயம் வந்தது.

“ஆனா இனிமே என்னால தாங்க முடியாதும்மா. நாளைக்கு ஆபீசுல சொல்லி அந்த நம்பரையே எடுத்துடப் போறேன். உன்கிட்ட ஒரு வார்த்தை சொல்லிட்டுச் செய்யலாம்னுதான் வந்தேன்.”

“ஐயையோ, வேணாண்ணே!” செம்பு கைதவறி விழுந்து தண்ணீர் அறையெல்லாம் ஓடியது.

“ஏம்மா? செத்தவர் நிம்மதியாப் போய்ச் சேர வேணாமா?”

அவள் வாயெடுப்பதற்குள் வாசலில் செருப்புச் சத்தம் கேட்டது. இரட்டைப் பின்னல் ஆட ஒரு சிறுமி ஓடிவந்தாள். “அம்மா, பசிக்குது!” என்று சொல்லிக்கொண்டே எம்பி, புத்தகப் பையை அந்த ஆணியில் மாட்டினாள்.

தூரத்தில் மாலை வண்டியின் ஊதல் கேட்டது. ஆணியில் தொங்கிய பை விர்ர்ரென்று அதிர ஆரம்பித்தது.

டிரைவர் எழுந்து நின்றுவிட்டார்.

அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டு சொன்னாள்: “பள்ளிக்கூடம் தண்டவாளத்துக்கு அந்தப் பக்கம் இருக்குண்ணே.”