தப்பாக வாசித்தவன்

"ஏப்பா, அந்தக் கிளாரினெட்டுக்காரன் தப்பா வாசிக்கறானா?" என்று பக்கத்தில் இருந்த மேனேஜரைக் கேட்டார் முதலாளி நஞ்சப்பன்.

"ஆமாங்க மொதலாளி. நம்ம கட்டிங் செக்சன் மணியன்தானுங்க. கம்பெனியிலயும் அப்படித்தான். யாரோடவும் ஒட்ட மாட்டான்."

திருப்பூரில் அந்தப் பனியன் கம்பெனியின் ஆண்டு விழா. மேடையில் தொழிலாளர்களின் பேண்டு செட், பன்னிரண்டு பேர். சினிமாப் பாட்டெல்லாம் வாசித்து முடித்துவிட்டு, பட்டாளத்து பேண்டில் இருந்து ஓய்வுபெற்று வந்த மாஸ்டர் சென்னியப்பன், தானே எழுதிய புதுப் பாட்டு ஒன்றை ஆரம்பித்திருந்தார்.

பாட்டு பிரமாதமாகத்தான் இருந்தது. டிரம்பெட்டும் டிரம்முமாகப் பதினொரு பேர் ஒரே மெட்டைத் திரும்பத் திரும்ப முழக்க, வாயில் மைசூர்பாகு இருந்தவர்கள்கூடக் காலால் தாளம் போட்டார்கள். மணியன் மட்டும் குழந்தையைத் தூங்க வைக்கிறவன் மாதிரி எதையோ மெதுவாக வாசித்துக்கொண்டிருந்தான்.

மெட்டு வேகமெடுத்தது.

"அவனை நிறுத்தச் சொல்லுங்கப்பா," என்றது பின்வரிசையில் ஒரு குரல்.

"காது வலிக்குது. எறக்குங்க அவனை," என்று நாலைந்து குரல்கள் சேர்ந்துகொண்டன.

யாரோ வீசிய கடலைப் பொட்டலம் மணியனின் தோளில் பட்டுச் சிதறியது. அவன் கண்ணைத் திறக்காமல் வாசித்தான்.

பெண்கள் பக்கத்தில் மணியனின் மனைவி சின்னாத்தாளிடம், அருகில் இருந்த மருதம்மாள் குனிந்து கேட்டாள்.

"ஏனுங்கக்கா, அது உங்க ஊட்டுக்காரருதானுங்களே?"

"யாருன்னு தெரியலீங்க," என்று முந்தானையைச் சரிசெய்துகொண்டாள் சின்னாத்தாள்.

முதலாளி மேனேஜரைப் பார்த்துத் தலையை அசைத்தார். மேனேஜரும் இன்னொருவரும் மேடையேறி, மணியனைக் கையைப் பிடித்துக் கீழே இறக்கினார்கள். பலத்த கைதட்டல்.

மாஸ்டரின் கை அந்தரத்தில் நின்றுவிட்டது. ஆனால் பதினொரு பேரும் நிறுத்தவில்லை. முன்னைவிட உற்சாகமாக வாசித்து முடித்தார்கள்.

நஞ்சப்பன் பொன்னாடையோடு மேடைக்குப் போனார்.

"கடைசியில பாட்டு சுத்தமாயிருச்சுங்க மாஸ்டர். எல்லாரும் ஒரே குரலா வாசிச்சப்ப எனக்கு மேலெல்லாம் புல்லரிச்சுப் போச்சு. என்ன பேரு வச்சிருக்கீங்க?"

"'வெறி'ன்னு வச்சனுங்க."

"வெறியா?"

"நாப்பத்தேழுல பட்டாளத்துல இருந்தப்ப, வடக்க ஒரு கலவரம் பாத்தனுங்க. எல்லாம் நல்ல சனந்தானுங்க. ஒருத்தன் கத்த, ஊரே சேந்து கத்துச்சு. ஒரே ஒருத்தர் மட்டும் வேண்டாம், வேண்டாம்னு சொல்லிட்டே இருந்தாரு. அவருதானுங்க அந்தக் கிளாரினெட்டு."

நஞ்சப்பனின் கையில் பொன்னாடை அப்படியே நின்றது.

"அவரு என்ன ஆனாருங்க?"

"இழுத்துட்டுப் போயிட்டாங்க," என்றார் மாஸ்டர். "பாட்டுலயாச்சும் அவரைக் கடைசி வரைக்கும் விட்டு வைக்கலாம்னு நெனச்சனுங்க."