வாசற்படியின் உயரம்

1987 செப்டம்பர். இடஒதுக்கீடு கேட்டுப் போராடுகிறவர்கள் வெட்டிச் சாய்த்த புளியமரம் சாலையின் குறுக்கே கிடக்க, சின்னசேலத்துக்கு வெளியே பேருந்து மூன்று மணி நேரமாக நிற்கிறது. முறிந்த கிளைகளின் பச்சை வாசனை சன்னல் வழியே வருகிறது. அண்டார்டிகாவில் ஓராண்டு மெக்கானிக்காக இருந்துவிட்டுத் திரும்பியிருக்கும் வேடியப்பன், தங்கை எழில்மதியின் பக்கத்தில் உட்கார்ந்திருக்கிறான். கடலூர்க் கரையில் அவள் கட்டும் வீட்டுக்கு நாளை வாசல் நிலை வைக்கிறார்கள். “அண்ணே, பனி உருகி கடல் ஏறுமாமே, ரேடியோல சொன்னாங்க. நெசமா?” “தரை மேல கெடக்கிற பனி உருகுனா ஏறும். அங்க பனியில குச்சி நட்டு அளந்துகினு இருக்காங்க. எவ்ளோன்னு அவங்களுக்கே இன்னும் முழுசா புடிபடல.” “அப்ப வாசப்படி எவ்ளோ ஒசரம் வெக்கட்டும்?” அவன் முழங்கால் உயரத்தில் கையை நீட்டுகிறான். “ஒன் காலத்துக்கு இது போதும்.” “என் பொண்ணுக்கு?” கை மெல்ல மேலே போகிறது. தூரத்தில் கோஷம் எழுந்து அடங்குகிறது. “அவ புள்ளைங்களுக்கு?” கை ஏறவும் இல்லை, இறங்கவும் இல்லை, வெயிலில் அந்தரத்தில் நிற்கிறது. எழில்மதி அதைப் பிடித்துத் தன் மடிக்கு இறக்கிக்கொள்கிறாள். “இன்னும் ரெண்டு படி சேத்து வெக்கச் சொல்றேண்ணே” என்கிறாள்.