நான்காவது குரல்

அன்புள்ள தம்பி மாறனுக்கு,

நலம். அப்பாவின் கடைசி நாளன்று, நீ தோகாவிலிருந்து பார்ப்பதற்காக ஆஸ்பத்திரி அறையில் என் போனை வைத்துவிட்டுப் போனேன் அல்லவா? அந்த வீடியோ அழைப்பு போனில் பதிவாகியிருந்தது; கலந்து கேட்கும் குரல்களைத் தனித்தனியாகப் பிரித்துத் தரும் கடையில் அதைக் கொடுத்திருந்தேன். நேற்றுக் கிடைத்தது. நான்கு குரல், நான்கு கோப்பு.

முதலாவது பொன்னி அத்தை. "அண்ணே, என்னயத் தெரியுதா?" என்று ஒன்பது முறை கேட்கிறார். இரண்டாவது நம் வடிவு. "அப்பா, நான் யாரு, சொல்லுங்க?" இடையில், "அத்த, கத்தாதீங்க, அப்பாவுக்குக் காது கேக்கும்" என்று அவளும் கத்துகிறாள். மூன்றாவது போனில் நீ. "மாறன்ப்பா, தெரியுதா?"

நான்காவது அப்பா. சுவாசக் கருவியின் முகமூடிக்குள் வெறும் மூச்சுதான் என்று நினைத்தோமே, அது பேச்சு. "தெரியுது பொன்னி. வடிவுதானே நீ? மாறா, சாப்டியாப்பா?" ஒருவர் விடாமல் பதில் சொல்லியிருக்கிறார். கடைசியில், "பெரியவன் எங்க?" என்று கேட்கிறார்.

அந்த நேரம் நான் டாக்டர் அறையில் இருந்தேன். நோயாளிக்கு யாரையும் அடையாளம் தெரியவில்லை, சுவாசக் கருவியை எடுத்துவிடச் சம்மதம் என்ற தாளில் கையெழுத்துப் போட்டேன். முதல் கையெழுத்து சரியாக விழவில்லை என்றார்கள். இன்னொரு தடவையும் போட்டுக் கொடுத்தேன்.

இப்படிக்கு,
அண்ணன் சேந்தன்