ஒரு மாதத்துக்கான புத்தகங்கள்

கொலைக் கதைகளையெல்லாம் கடைசி வாரத்துக்குத் தள்ளிவிடலாம் என்றாள் தேவிப்பிரியா.

நஜ்மா ஒத்துக்கொள்ளவில்லை. தொடர்ந்து டிராகனும் மந்திரவாதியுமாகப் போனால் சலித்துவிடும். ஒரு மாயக்கதை, ஒரு திரில்லர் என்று மாற்றி மாற்றிப் படித்தால்தான் மாதம் ஓடும்.

குமணன்சாவடிப் பக்கம், மூன்றாவது மாடியில் நஜ்மாவின் வீடு. பட்டப்பகலில் ஜன்னல் திரைகளை இழுத்துவிட்டு, டியூப்லைட்டைப் போட்டுக்கொண்டு இருவரும் தரையில் உட்கார்ந்திருந்தார்கள். சுற்றிலும் புத்தகங்கள் இறைந்து கிடந்தன.

அம்பத்தூர் எஸ்டேட்டில் ஒன்றாக வேலை பார்த்த காலத்திலிருந்தே இருவருக்கும் இந்தப் பைத்தியம் உண்டு. கம்பெனி பஸ்ஸில் ஒரே புத்தகத்தை ஆளுக்கு ஒரு பக்கமாகப் பிடித்துப் படித்திருக்கிறார்கள்.

தேவிப்பிரியா ஒவ்வொரு திரில்லரையும் எடுத்துக் கடைசிப் பக்கத்தை முதலில் படித்தாள்.

"இன்னாடி இது? கொலகாரன் யாருன்னு தெரிஞ்சிட்டா அப்பால எதுக்குப் படிக்கிறே?"

"தெரிஞ்சாத்தான் என்னால படிக்க முடியும்."

ஒரு புத்தகத்தை மட்டும் அவள் திறக்கவே இல்லை. அதன் அட்டையில் பாதி திறந்த கதவும், கதவைப் பிடித்திருக்கும் ஒரு ஆணின் விரல்களும் இருந்தன. நஜ்மா எதுவும் கேட்காமல் அதை எடுத்துப்போய் பீரோவுக்குள் வைத்துப் பூட்டினாள்.

வெளியே லிஃப்ட் நிற்கும் சத்தம் கேட்டால் தேவிப்பிரியாவின் பேச்சும் நின்றுவிடும். பக்கத்து வீட்டுக் கதவு திறந்து மூடிய பிறகுதான் விட்ட இடத்திலிருந்து தொடர்வாள்.

முதலில் படிக்க வேண்டியது எது என்று முடிவாயிற்று. சாபத்தால் ஒரு ஊரே மரங்களாகிவிடுகிற கதை. "எங்க மாமியார் முருங்க மரமாத்தான் ஆவாங்க" என்றாள் தேவிப்பிரியா. நஜ்மா சிரித்தாள். அவளும் சிரித்தாள். இந்த வீட்டுக்கு வந்த பிறகு அவள் சிரிப்பது அதுதான் முதல் தடவை. சிரித்ததும் உதட்டுத் தையல் இழுத்தது.

அழைப்பு மணி அடித்தது.

நஜ்மாவின் கணவர் நஜீர் மணி அடிக்க மாட்டார். அவரிடம் சாவி உண்டு.

நஜ்மா சங்கிலியைக் கழற்றாமல் கதவை ஒரு விரல் அளவு திறந்தாள். கையில் பார்சலுடன் ஒருவன் நின்றிருந்தான்.

"தேவிப்பிரியான்னு இங்க யாருங்க? அவங்க கையிலதான் தரணும்."

உள்ளே தேவிப்பிரியா கையிலிருந்த புத்தகத்தைத் தரையில் வைத்துவிட்டு எழுந்தாள். அவள் இங்கே இருப்பது யாருக்கும் தெரியக் கூடாது. கோர்ட்டில் வாய்தா வர ஒரு மாதம் ஆகும், அதுவரை லோகேஷின் கண்ணில் பட்டுவிடாதே, வாசலுக்குக்கூடப் போகாதே என்று வக்கீல் படித்துப் படித்துச் சொல்லியிருந்தார். லோகேஷ் அவள் கணவன். அந்த ஒரு மாதத்தை உள்ளேயே கழிக்கத்தான் இத்தனை புத்தகங்கள்.

"அப்படி யாரும் இங்க இல்லீங்களே" என்றாள் நஜ்மா.

"அட்ரஸ் சரியாத்தானே கீது? பாருங்க."

அவன் பார்சலைக் கதவு இடுக்குக்கு நேராகத் தூக்கிக் காட்டினான். தேவிப்பிரியா சுவரோடு ஒட்டி நகர்ந்து எட்டிப் பார்த்தாள்.

நீல மையில் அவள் பெயர். 'தே'யின் கொம்பை அப்படி நீட்டி இழுத்து எழுத ஒரு ஆளால்தான் முடியும். முத்தாபுதுப்பேட்டையில் இருக்கும் அவள் அம்மா நாகம்மாள். இந்த முகவரியை அவள் சொல்லியிருந்ததும் அம்மாவிடம் மட்டும்தான்.

"எங்கம்மாடி" என்றாள். சங்கிலியை அவளே கழற்றி, பார்சலைக் கை நீட்டி வாங்கிக்கொண்டாள்.

வந்தவன் அவள் முகத்தை ஒருமுறை பார்த்தான். கையெழுத்து கேட்கவில்லை. லிஃப்டுக்குக் காத்திராமல் படியில் இறங்கிப் போனான்.

பார்சலுக்குள் மூன்று தடித்த திரில்லர்கள். மூன்றும் புதுசு. கதைப் புத்தகம் படித்தால் கண் கெட்டுவிடும் என்று திட்டுகிற அம்மா வாங்கி அனுப்பியிருக்கிறாள். தேவிப்பிரியாவுக்கு அழுகை வந்தது. நஜ்மாவின் போனை வாங்கி அம்மாவைக் கூப்பிட்டு ஸ்பீக்கரில் போட்டாள்.

"வந்துச்சா கண்ணு? உனுக்குப் புடிச்சதா கீதா?"

"நீ எப்படிம்மா கடைக்கெல்லாம் போயி..."

"நான் இன்னாத்தக் கண்டேன்? எல்லாம் மாப்ள வாங்கினதுதான். நேத்து வந்து கொயந்த மாதிரி அயுதாரு கண்ணு. திருந்திட்டாரு."

நஜ்மா எழுந்து ஓடிப்போய்க் கதவின் மேல் தாழ்ப்பாளைப் போட்டாள். பிறகு உள்ளறைக்குப் போய் தேவிப்பிரியாவின் பையைக் கொண்டுவந்து, கொடியில் கிடந்த துணிகளை அதில் திணிக்க ஆரம்பித்தாள்.

தேவிப்பிரியா போனைப் பிடித்தபடி நின்ற இடத்திலேயே நின்றாள். அம்மாவின் குரல் சந்தோஷமாகப் பேசிக்கொண்டே போனது.

"பேரும் அட்ரசும் மட்டும் என் கையால எயுதிக் குடுக்கச் சொன்னாரு. என் எயுத்தப் பாத்தாத்தான் நீ கதவத் தொறப்பேன்னு அவருக்குத் தெரிஞ்சிகீது பாரு."