போரிவலியில் இறங்குகிறவர்

"போரிவலி" என்றார் அந்த அக்கா, இன்று நான் கேட்பதற்கு முன்பே.

மும்பையில் விராரிலிருந்து கடைசி ஸ்டேஷனான சர்ச்கேட் வரை போகும் லோக்கல் ரயில், விரார் ஃபாஸ்ட். அதன் பெண்கள் பெட்டியில், உட்கார்ந்திருப்பவரிடம் எங்கே இறங்குவீர்கள் என்று முதலில் கேட்பவளுக்குத்தான் அடுத்து அந்த இடம். பயந்தரில் ஏறும் எனக்குப் பரீட்சைக்கு முந்தைய எட்டு மாதமும் இடம் விட்டவர் இவர்தான். மடியில் எப்போதும் ஒரு மஞ்சள் சாப்பாட்டுப் பை. பெயர்கூடத் தெரியாது.

என் பையில் ஒரு பெட்டி பேடா இனிப்பு இருந்தது. முந்தாநாள் சி.ஏ. ரிசல்ட். பாஸ்.

இரண்டு முறை கோட்டை விட்ட பரீட்சை. மூன்றாவது முறையும் போனால் குஜராத்தின் பாலன்பூரில் மாமாவின் பாத்திரக் கடைதான் என்று அப்பா சொல்லிவிட்டார். ரிசல்ட் வரும்வரை அங்கே நின்று டம்ளர் அடுக்கினேன். தப்பித்தேன். இன்றுதான் மறுபடி இந்த ரயில்.

வீட்டில் ஒரே அறை, ஆறு பேர், ஒரு டிவி. அதனால் என் படிப்பெல்லாம் இந்த ரயிலில், போரிவலியிலிருந்து சர்ச்கேட் வரை.

முதல் இரண்டு முறையும் எல்லாவற்றையும் படித்துத் தோற்றவள் நான். இந்த முறை, தப்பாகப் போட்ட கணக்குகளை மட்டும் ஒரு நோட்டில் எழுதி வைத்துக்கொண்டேன். சரியாக வந்ததைத் திரும்பிக்கூடப் பார்ப்பதில்லை. நோட்டை விரித்தால் சர்ச்கேட்டில்தான் தலை நிமிரும்.

அதற்கு உட்கார இடம் வேண்டுமே. முதல் நாள் யாரோ ஒருத்தியின் முதுகில் நோட்டை வைத்து எழுதிக்கொண்டிருந்தேன். அந்த அக்கா என்னையும் நோட்டையும் பார்த்துவிட்டு "போரிவலி" என்றார்.

இன்றும் மீரா ரோடு ஸ்டேஷன் தாண்டியதும் எழுந்தார்.

"மகாராணி எந்திரிச்சாச்சு! போரிவலில இறங்கறவளுக்கு விரார் ஃபாஸ்ட் எதுக்கு?" எதிரே கொத்தவரங்காய் கிள்ளிக்கொண்டிருந்த சுனந்தா கத்தினாள். தினமும் இதே கேலிதான். தூரம் போகிறவர்களுக்குப் போரிவலிக்காரர்களைக் கண்டால் ஆகாது. எனக்கு அந்த அக்காவை நினைத்துப் பாவமாக இருக்கும்.

பேடாவை எடுப்பதற்குள் கூட்டம் அவரை வாசல் பக்கம் தள்ளிக்கொண்டு போய்விட்டது.

உட்கார்ந்தேன். கையில் நோட்டு இல்லை. இந்த இருக்கையில் முதல் முறையாகச் சும்மா நிமிர்ந்து உட்கார்ந்திருந்தேன்.

போரிவலி வந்தது, போனது. கந்திவலி தாண்டும்போது வாசலருகே ஒரு மஞ்சள் பை தெரிந்தது.

கம்பியில் நெற்றியைச் சாய்த்து, நின்றபடியே தூங்கிக்கொண்டிருந்தார் அந்த அக்கா.

"ஐயோ, அக்கா இறங்காம தூங்கிட்டாங்க!" என்று பதறி எழுந்தேன்.

சுனந்தா என் துப்பட்டாவைப் பிடித்து இழுத்தாள். "உக்காருடி. அவ என்னிக்குப் போரிவலில இறங்கியிருக்கா? எல்லா நாளும் சர்ச்கேட்தான். உன் பரீட்சை முடியற வரைக்கும் யாரும் வாயத் திறக்கக் கூடாதுன்னு எங்களுக்கு உத்தரவு."

சுற்றியிருந்தவர்கள் எல்லாரும் சிரித்தார்கள். அத்தனை பேருக்கும் தெரிந்திருக்கிறது. எனக்கு அழுகை வந்துவிட்டது.

எட்டு மாதம்.

என் இடத்தில் கொத்தவரங்காய்ப் பையை வைத்துச் சுனந்தா காவல் இருக்க, இடித்துப் பிடித்துக்கொண்டு வாசலுக்குப் போய் அவர் தோளைத் தொட்டேன். கண் விழித்தவர் முதலில் பேடா பெட்டியைப் பார்த்தார், பிறகு என் முகத்தை.

"பாஸா?"

தலையாட்டினேன். நன்றி சொல்லத்தான் வந்தேன். பெட்டியை அவர் கையில் திணித்தேன்.

"போய் உக்காருங்கக்கா," என்றேன் ஒருவழியாக. "நான் அந்தேரில இறங்கணும்."

நான் சர்ச்கேட்டில் இறங்குவதை எட்டு மாதம் பின்னால் நின்று பார்த்தவர் அவர்.

"அந்தேரில இறங்கறவளுக்கு விரார் ஃபாஸ்ட் எதுக்குடி?" என்றபடி போய் உட்கார்ந்தார்.

அந்தேரி வருவதற்குள் தூங்கிவிட்டார். பேடா பெட்டி பிரிக்காமல் மடியிலேயே இருந்தது.