முகம் தெரிய வேண்டும்

“இது முகமா, அடுப்புக் கரியா?”

வந்தவர் மாதிரித் தாளை மேஜைமேல் வீசினார். காணாமல் போன மனைவியைத் தேட, இருப்பதிலேயே மலிவான விலையில் ஐந்நூறு நோட்டீஸ் கேட்டு வந்தவர். படத்தைக் கைபேசியிலிருந்து நேரே உள்ளறைக் கம்ப்யூட்டருக்கு அனுப்பியிருந்தார். தாளில் புடவை தெரிந்தது. முகம் இருக்க வேண்டிய இடத்தில் கறுப்பாக ஒரு வட்டம்.

“மெஷின்ல மை அடிமட்டம் சார். வியாழக்கிழமைதான் புது டியூப் வரும்” என்றார் அச்சகக்காரர்.

“மை கம்மின்னா வெளுத்தில்ல போகணும்? கறுத்துப் போகுமா?”

நியாயமான கேள்வி. அச்சகக்காரருக்கும் அதே சந்தேகம்தான். படத்தின் நிழலை முன்கூட்டியே வெளுத்துக் கொடுக்காவிட்டால் இந்த மெஷின் முகத்தை அப்பிவிடும். உள்ளறையில் படம் திருத்தும் பெண்ணுக்கு அது தண்ணீர் பட்ட பாடு. போன வாரம் இதே கொஞ்ச மையில், ஒரு குழந்தையின் இரண்டு பல்லையும் எண்ணும்படி கொண்டுவந்தவள் அவள்.

“ஏம்மா, நிழலை இன்னும் வெளுத்துக் குடு” என்று குரல் கொடுத்தார்.

அடுத்த தாள் முன்னதைவிடக் கறுப்பாக வந்தது.

“வேணும்னே கெடுக்கிறீங்களா? எனக்கு முகம் தெரியணும்யா. கையில கிடைக்கட்டும், அப்புறம் இருக்கு அவளுக்கு” என்று பல்லைக் கடித்தார் வந்தவர்.

அச்சகக்காரரின் மனம் உள்ளறையிலேயே இருந்தது. வேறு இடத்தில் வேலை கிடைத்துவிட்டதா இவளுக்கு? கடைப் பேரைக் கெடுத்துவிட்டுப் போகப் பார்க்கிறாளா? விடுவிடுவென்று உள்ளே போனார்.

“நாலு மாசமா உன் வேலையைப் பத்தி ஊரெல்லாம் பெருமையடிச்சேன். இன்னிக்கு மானத்தை வாங்குறியே?”

அவள் திரும்பவில்லை. “தெளிவா அடிச்சிடலாம் அண்ணா. அப்புறம் நாளைக்கு வேலைக்கு வேற ஆள் பாத்துக்குங்க.”

“என்ன, மிரட்டுறியா?”

அவள் நாற்காலியைத் தள்ளி நகர்ந்தாள். அவர் கண்ணாடியை மாட்டிக்கொண்டு திரையைப் பார்த்தார். அவளைப் பார்த்தார். மறுபடியும் திரையைப் பார்த்தார்.

வெளியே வந்து உள்ளறைக் கதவை இழுத்துச் சாத்தினார்.

“இருக்கிற மைக்கு இவ்வளவுதான் சார் வரும். வேற கடைக்கு அலையாதீங்க, ஐந்நூறையும் இப்பவே அடிச்சுத் தரேன். காசே வேண்டாம்.”